கை தூக்காத வினாடி வினா

தேர்வுக்கு முன் நிரலாக்கப் பாடங்களைத் திருப்பிப் பார்க்க, வகுப்பில் வினாடி வினா நடத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஐந்து தலைப்பு, தலைப்புக்கு ஐந்து கேள்வி, 100 முதல் 500 வரை மதிப்பெண், பலகையில் கட்டம் போட்டால் ஆட்டம் தயார். முதல் தடவை, யார் முதலில் கை தூக்குகிறாரோ அவருக்கே வாய்ப்பு என்று வைத்தேன். மூன்று பேர் விளையாடினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதிலிருந்து கை தூக்குவதே கிடையாது. எல்லோரும் முதலில் தாளில் பதில் எழுதணும், அப்புறம்தான் குழுவுக்குள் பேசி ஒரே பதிலாகச் சொல்லணும்.

பைத்தான் என்ற நிரலாக்க மொழியின் முதல் பதிப்பு வெளிவந்த ஆண்டு எது (1991) மாதிரிக் கேள்விகள் 100 மதிப்பெண்ணோடு சரி. 500 மதிப்பெண்ணுக்கு நான் வைத்திருப்பது இது: ஏ என்ற லிஸ்டில் (மதிப்புகளின் வரிசையில்) 1, 2, 3 இருக்கிறது. பி = ஏ என்று எழுதி, பி-யின் கடைசியில் 4-ஐச் சேர்க்கிறோம். இப்போது ஏ-யை பிரின்ட் செய்தால் என்ன வரும்?

பாதிப் பேர் தாளில் 1, 2, 3 என்றே இருக்கும். வருவது 1, 2, 3, 4. அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மேஜை மேல் ஒரு டப்பாவை வைத்து அதில் ஏ, பி என்று இரண்டு சீட்டு ஒட்டிக் காட்டுவேன். டப்பா ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. உடனே யாராவது, "அப்போ ஏ-யில் 5 என்ற எண் இருந்து, பி = ஏ போட்டு, பி-யில் 1 கூட்டினால் ஏ-யும் 6 ஆகிடுமா?" என்று கேட்பார்கள். ஆகாது, கூட்டும்போது 6 என்ற புது மதிப்பு வருகிறது, பி சீட்டு பழைய டப்பாவிலிருந்து கழன்று அதில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஏ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்தக் கேள்வி வருவதற்காகவே நான் மொத்த ஆட்டத்தையும் நடத்துவேன்.

0.1 + 0.2 == 0.3 (இரண்டு பக்கமும் சமம்) என்பது உண்மையா பொய்யா என்ற கேள்வியும் அப்படித்தான். பொய் என்றதும் வகுப்பே சண்டைக்கு வரும். பத்தடிமானத்தில் 1/3-ஐ முழுசாக எழுத முடியாத மாதிரி, கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும்) 0.1-ஐ எழுதி முடிக்க முடியாது என்று சொல்லி, 0.1 + 0.2-ஐ ஓட்டியும் காட்டினால் 0.30000000000000004 என்று திரையில் வந்து நிற்கும்.

கடைசிச் சுற்றில் குழுக்களே ஒருவருக்கொருவர் கேள்வி தயாரிக்கணும். சரியான பதிலோடு, எதிர்க் குழு எந்தத் தப்பான பதிலைச் சொல்லும், ஏன் சொல்லும் என்பதையும் எழுதித் தரணும். அது பலித்தால் கூடுதலாக 200.