வசந்தத்திற்கு எங்கள் நாள்காட்டியில் இடமில்லை

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பருவகாலங்கள் பருவகாலங்களாக வருவதில்லை. வேலைப் பட்டியல்களாகத்தான் வருகின்றன. இளவேனில் என்றதும் கவிஞர்களுக்குத் தென்றலும் குயிலும் பூத்துக் குலுங்கும் மரங்களும் நினைவுக்கு வரலாம். எங்களுக்கு நினைவுக்கு வருபவை கம்பளி உடைகளைத் துவைத்து உள்ளே வைப்பது, ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்பது, கடிகாரங்களைத் திருத்துவது, என் கணவரின் தும்மல் ஆகியவைதான். முதல் மூன்றுக்கும் எங்கள் கைப்பேசிகளில் உள்ள பொது நாள்காட்டியில் இடம் ஒதுக்கிவிடலாம். தும்மலுக்கு மட்டும் முன்பதிவு செய்ய வழியில்லை.

அந்த நாள்காட்டியில் என் அலுவலக வேலைகள் பச்சை நிறத்திலும், அவருடையவை நீல நிறத்திலும், இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியவை ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். பச்சையும் நீலமும் இருந்த இடத்தை விட்டு அசையாது. ஆரஞ்சு மட்டும் ஓரிடத்தில் நிற்காது. "சேர்ந்து நடைப்பயிற்சி" என்ற ஆரஞ்சுக் கட்டம் குளிர்காலம் முழுவதும் ஒரு ஞாயிற்றிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. வெயில் வரட்டும் என்பது அவர் சொன்ன காரணம். வேறு காரணம் எதுவும் எனக்கும் தோன்றாததால் நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

வெயிலும் வந்தது. வடகோளத்தில் மார்ச் 20ஆம் தேதியை ஒட்டிப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அந்த நாட்களில் நடு அட்சரேகைப் பகுதிகளில் பகல் நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 4 நிமிடம் வரை நீளும். என் கணவர் கணக்கில் புலி. வாரத்திற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று கணக்கிட்டு, அந்த நேரத்தில் நடக்கலாம், படிக்கலாம், அலுவலகத்திற்குச் சைக்கிளில்கூடப் போகலாம் என்று ஒரே மூச்சில் அறிவித்தார். ஆனால் கூடுதலாகக் கிடைத்த வெளிச்சம் முதலில் எங்கள் ஜன்னல் கண்ணாடிகளைத்தான் காட்டிக்கொடுத்தது. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர்களுக்கு வீடு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். காலை வெயில் கூடத்திற்குள் நுழைந்த அன்றுதான் கண்ணாடியில் விரல் தடங்களும், அலமாரிக்கு மேல் தூசியும், தொலைக்காட்சிக்குப் பின்னால் எங்களுக்குத் தெரியாமல் குடியேறியிருந்த ஒரு சிலந்தியின் முழுச் சொத்தும் வெளிச்சத்திற்கு வந்தன. திரையை மூடிவிட்டால் பழைய சுத்தம் திரும்பிவிடும் என்பது அவருடைய யோசனை, அது உண்மையும்கூட.

அடுத்து வந்தது கடிகாரத் திருத்தம். மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, இலையுதிர் காலத்தில் மீண்டும் பின்னே வைக்கும் நாடுகளில் வாழும் தம்பதியர், அதற்காக யாரைக் குறை சொல்வது என்று ஆண்டுதோறும் யோசிப்பதுண்டு. என் கணவரிடம் அதற்கான பெயர்ப்பட்டியலே இருக்கிறது. நியூசிலாந்தில் அஞ்சலகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹட்சன், வேலை முடிந்த பிறகு பூச்சிகளைச் சேகரிக்க வெளிச்சம் போதவில்லை என்று 1895இல் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் யோசனையை முன்வைத்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்லெட் 1907இல், ஏப்ரல் மாதத்து ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக நான்கு தடவை தள்ளலாம் என்றார். முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. வில்லெட்டின் திட்டம் அப்படியே நிறைவேறாமல் போனதற்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கே எங்கள் வீடு படும் பாடு போதும்.

கைப்பேசிகள் தாமாகத் திருத்திக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தை நாம்தான் திருத்த வேண்டும். அதை அவர் சனிக்கிழமை இரவே ஒரு மணி நேரம் முன்னே வைத்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் தூங்கிவிட்டார். பட்டியலில் அந்த வேலை என் பெயருக்கு நேரே இருந்ததால், விடியற்காலையில் எழுந்த நானும் கடமை தவறாமல் அதை இன்னொரு மணி நேரம் முன்னே வைத்தேன். காரில் உள்ள கடிகாரமோ பழைய நேரத்திலேயே இருந்தது. அதை அவர் ஒருபோதும் தொடமாட்டார். எப்படியும் இலையுதிர் காலத்தில் அது தானாகச் சரியாகிவிடும் என்பதும், ஆண்டில் பாதி நாள் சரியாக ஓடும் கடிகாரத்தைக் குறை சொல்லக் கூடாது என்பதும் அவர் வாதம்.

முடிதிருத்தகத்தில் பத்து மணிக்கு அவருக்கு முன்பதிவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்ற விரதத்தில் இருந்த அவர், சுவர்க் கடிகாரம் 9.45 காட்டியதைப் பார்த்து, ஒரு காலில் காலுறையும் மறு காலில் வெறும் செருப்புமாகக் கீழே ஓடினார். காரில் ஏறியதும் அங்கே மணி 7.45. மற்றவர்கள் என்றால் மேலே வந்து கைப்பேசியைப் பார்த்திருப்பார்கள். அவரோ காருக்குள் அமைதியாக அமர்ந்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, உண்மையான நேரம் 8.45 என்ற முடிவுக்கு வந்து, நிதானமாகப் படியேறி வந்து அதை என்னிடம் அறிவித்தார். கைப்பேசியைப் பார்த்தேன், மணி சரியாக 8.45. இரண்டு தவறுகளின் சராசரி சரியான விடையைத் தரும் என்ற இந்த முறையை அன்றிலிருந்து எங்கள் சண்டைகளிலும் அவர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். நீ சொல்வதில் பாதி, நான் சொல்வதில் பாதி என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

இந்த நேர மாற்றத்தில் அலுவலகத் தொல்லை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறுவதால், இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு இரு கண்டங்களுக்கும் இடையிலான வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். அந்த வாரங்களில் அவருடைய நீலக் கட்டங்கள் எல்லாம் நகர்ந்து வந்து ஆரஞ்சுக் கட்டங்களின் மீது அமர்ந்துகொள்ளும். நடைப்பயிற்சி மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது.

தும்மலுக்கு வருவோம். ஒவ்வாமை உள்ளவர்கள், மூக்கில் தெளிக்கும் மருந்தைப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்தால் பலன் நன்றாக இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கான நினைவூட்டலை என் கணவர் நாள்காட்டியில் பதிந்தும் வைத்திருந்தார். அது ஒலிக்கும் போதெல்லாம் "நாளை நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தி, பூக்கள் மலரும் வரைக்கும் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். தும்மல் தொடங்கியதும் பழி விழுந்தது என் பூங்கொத்தின் மீது. பதவி உயர்வுக்காக அலுவலகத் தோழிகள் எனக்குத் தந்த அந்தப் பூங்கொத்து, விசாரணையே இல்லாமல் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. தும்மல் நிற்கவில்லை. நிறத்தாலும் மணத்தாலும் பூச்சிகளை அழைக்கும் பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்றில் அதிகம் பறக்காது. உண்மையான குற்றவாளிகள் பிர்ச், ஆல்டர், ஹேசல், ஓக் போன்று காற்றை நம்பி வாழும் மரங்கள். அவற்றின் பூக்களைப் பார்த்தால் பூ என்றே தோன்றாது. காரின் மேல் மஞ்சள் பொடியாகப் படியும் பைன் மகரந்தத்தைக் கண்டு அவர் அலறுவார். அளவில் பெரிதான அந்த மகரந்தம் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. இவ்வளவையும் நான் விளக்கிச் சொன்ன பிறகும் பூங்கொத்திடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

காற்று வரட்டும் என்று நான் ஜன்னலைத் திறப்பதும், மகரந்தம் வரும் என்று அவர் மூடுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. வெளியே உலர்த்தும் துணிகளில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வசந்த வெயில் வெளியே வீணாகக் காய, எங்கள் படுக்கை விரிப்புகள் கதவுகளின் மேல் தொங்கின. வீட்டிற்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக நாங்கள் திரை விலக்கி நுழையும் நாடக நடிகர்களைப் போல நடமாடினோம். இதற்கிடையில் ஓர் இணையவழிக் கூட்டத்தில், யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று மேலாளர் கேட்ட அதே நொடியில், ஒலிவாங்கி திறந்திருந்த நிலையில் என் கணவர் தும்மிவிட்டார். சொல்லுங்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தும்மல் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அவர் எதையோ பேசி வைத்தார். அந்தக் கருத்தை ஆராய ஒரு குழு அமைத்து, அதற்கு அவரையே தலைவராக்கிவிட்டார்கள். இப்போது செவ்வாய்தோறும் மாலையில் ஒரு நீலக் கட்டம் கூடியிருக்கிறது.

அன்றிரவு, இனி குழுக் கூட்டங்களின்போது சமையலறையை யார் பார்ப்பது என்ற முக்கியமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. என் தரப்பு நியாயங்களை நான் அடுக்கிக்கொண்டே போக, எதிர்ப்பேச்சு எதுவும் வரவில்லையே என்று மகிழ்ந்து திரும்பிப் பார்த்தால், அவர் நாற்காலியிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டியின் அடியில் கிடந்த, தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரையை விழுங்கியிருக்கிறார். புதிய வகை மாத்திரைகள் அந்த அளவுக்குத் தூக்கம் தருவதில்லை. ஆனால் அவை விவாதங்களின்போது இவ்வளவு பயன்படுவதும் இல்லை என்று காலையில் எழுந்ததும் விளக்கம் வேறு.

கம்பளி உடைகளை உள்ளே வைக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலமாரியிலிருந்து பறந்த ஓர் அந்துப்பூச்சியை அவர் துண்டுடன் துரத்தி, வெற்றியும் பெற்றார். கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு என்பதையும், அது தன் வேலையை அவருடைய பழுப்புநிற ஸ்வெட்டரில் ஏற்கெனவே முடித்துவிட்டது என்பதையும் நான் காட்டிய பிறகுதான் வெற்றி முழக்கம் ஓய்ந்தது. வசந்தத்திற்கான மெல்லிய மேற்சட்டையை வெளியே எடுத்தபோது, அதன் உள்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. சென்ற ஆண்டு வசந்த வேலைப் பட்டியல், என் கையெழுத்தில். இந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு வரிகூட மாறவில்லை. புதிதாக எழுதும் வேலை இனி மிச்சம் என்று அவர் ஆண்டை மட்டும் அடித்துத் திருத்தி, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

எஞ்சியிருந்தது சைக்கிள் பயணம். நாள் குறித்து, சக்கரங்களுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயிற்று. கிளம்பும் காலையில், பால்கனி மூலையில் கொக்கியில் மாட்டியிருந்த தலைக்கவசத்தை எடுக்கப் போனவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். கிண்ணமாகத் தொங்கிய கவசத்திற்குள் வைக்கோலும் நூலும் இறகுகளுமாக ஒரு சிட்டுக்குருவிக் கூடு, அதில் முட்டைகள். முட்டை இருக்கும் கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதை அவர் அதற்கு முன் இவ்வளவு உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கவசம் இல்லாமல் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். அடைகாக்க 11 முதல் 14 நாட்கள், அதன் பிறகு குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இன்னும் இரண்டு வாரங்கள் என்று தேடிப் படித்துச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததைக் கவலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குருவிகளில் ஆணும் அடைகாக்கும், பார்த்தாயா என்று அவர் பெருமைப்பட்டதால் நானும் படித்துப் பார்த்தேன். ஆண் முட்டைகளின் மேல் அமர்வது உண்மைதான். ஆனால் சூடு கொடுப்பதற்காகப் பெண்ணின் வயிற்றில் இறகுதிர்ந்து உருவாகும் அடைகாப்புப் பகுதி ஆணுக்கு இல்லாததால், அது மூடி வைக்குமே தவிரப் பெரிதாகச் சூடேற்றாது. இதை வாசித்துக் காட்டியபோது, இருந்தாலும் உட்காருகிறதல்லவா என்றார்.

குஞ்சுகள் ஒருவழியாகப் பறந்தன. கவசத்தைக் கழுவி வைக்கலாம் என்று நாங்கள் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆண் குருவி அலகில் புதிய வைக்கோலுடன் வந்து இறங்கியது. சிட்டுக்குருவிகள் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கும் என்பதை அவர் அநேகமாக முன்பே படித்து வைத்திருந்தார். நான் அன்று மாலையே அவருக்குப் புதுத் தலைக்கவசம் வாங்கி வந்துவிட்டேன். அவர் அதை அணிந்து, கண்ணாடியில் அழகு பார்த்து, நன்றி சொல்லிவிட்டு, மகரந்தம் காலை வேளையில்தான் அதிகம் வெளிப்படுமாம் என்றார். ஆகவே அலுவலகத்திற்குக் காலையில் காரில் போய், மாலையில் மட்டும் சைக்கிளில் திரும்புவதாக இருக்கிறாராம். அப்படியானால் மாலையில் சைக்கிள் வீட்டிலும் கார் அலுவலகத்திலும் அல்லவா இருக்கும் என்று கேட்டேன். அந்த ஒரு சிக்கலைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.