சர்நேம் கட்டம் காலியா? வேலை விசாவுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

ஒருவழியாகப் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஷார்ஜா வேலைக்கு இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், மெடிக்கல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. என்னை அலையவிட்டது என் பெயர்தான்.

நம்மில் பலருக்கும் இதே கதைதான். பழைய பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் ஒற்றைப் பெயர், சர்நேம் கட்டம் காலி. அதே பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் போய் வந்தேன், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். இதைக் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் எடுத்துச் சொன்னேன். "ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிட்டா யார் பொறுப்பு? மாத்திட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சரி, அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு ரீ-இஷ்யூதானே என்று 1500 ரூபாய் கட்டி அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். பாஸ்போர்ட் சேவா மையத்தின் ஏ கவுன்டரில் போட்டோ, கைரேகை, ஸ்கேன் எல்லாம் மளமளவென்று முடிந்தன. பி கவுன்டரில்தான் வினை. அங்கிருந்தவர் என் சான்றுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. "இதுல நீங்க யாரு சார்?" என்றார். மூன்றுமே அரசாங்கம் கொடுத்ததுதானே என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆதாரில் அப்பா பெயர் விரிவாக வந்தால்தான் ஃபைல் நகரும் என்று நிறுத்தி வைத்துவிட்டார். இதை முதலிலேயே எங்காவது ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் ஒரு நாள் லீவு மிச்சமாகியிருக்கும்.

ஆதார் மையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும். எனக்குத் தட்டச்சு செய்த பையன், அப்பா பெயரில் 'டி'க்கு அடுத்து வரவேண்டிய 'ஹெச்'சை விட்டுவிட்டான். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படித்ததால் தப்பித்தேன். "சரியாத்தான் சார் அடிச்சிருக்கேன்" என்பார்கள், நம்பாதீர்கள். கைரேகை வைப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

புது ஆதாரோடு திரும்பப் போனபோது அதே கவுன்டரில் வேறொருவர். பான் கார்டைத் தொடவே இல்லை, நேராக சி கவுன்டருக்கு அனுப்பிவிட்டார். போன தடவை நான் பட்ட பாடு எதற்கென்று இன்னும் விளங்கவில்லை. போலீஸ் விசாரணை பிரச்சினையில்லை.

அப்புறம் டிகிரி அட்டெஸ்டேஷன், அதாவது டிகிரிச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வாங்குவது. ஒரே முத்திரையை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் அந்த ஒற்றை முத்திரை அங்கே செல்லாது. மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகத்தான் போகவேண்டும். அமைச்சகம் நம்மிடம் நேரடியாக வாங்காது, அவர்கள் அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்கவேண்டும். "உள்ள நமக்கு ஆள் இருக்கு" என்று ஆரம்பிக்கிற இடத்தில் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். டிகிரியில் இன்னமும் இனிஷியல்தான் இருக்கிறது, அதைப் பல்கலைக்கழகத்தில் மாற்றுவது தனிக் கொடுமை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தேன். பி.ஆர்.ஓ. அதை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

ரத்தான பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய பயண முத்திரைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிக்கெட்டையும் ஒரு முறை பாருங்கள். சர்நேம் இடத்தில் இப்போது அப்பா பெயர் வரவேண்டும். எனக்கு டிக்கெட் போட்டவர் அதைத் தப்பென்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். திருத்தச் சொல்லி நேற்று மெயில் அனுப்பியிருக்கிறேன்.