கல்லு ஃப்ரீயாம்

டெல்லிக்கு வேலைக்கு வந்த இந்த ஆறு வருஷத்துல குதுப்மினாருக்கு நான் கைடா போனது மட்டும் ஒரு பத்துப் பதினஞ்சு தடவ இருக்கும், ஊர்லேர்ந்து யார் வந்தாலும் மொத நாள் அதுதான், முனிர்க்கால எங்க வீட்டுக்குப் பக்கம், செலவும் கம்மி. இந்த ஏப்ரல்ல வந்தது பெரியப்பா, பெரியம்மா, அப்புறம் அமெரிக்காலேர்ந்து அக்கா, அத்தான், அவங்க பொண்ணு. பெரியப்பா ஈபில அக்கவுண்ட்ஸ் பாத்து ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில எப்பவும் ஒரு குட்டி நோட்டு இருக்கும், வெளிய கால் வெச்சதும் தேதி போட்டுடுவார். அன்னைக்கு 17-4ன்னு போட்டார். இந்தத் தேதிய மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

டிக்கெட் கவுண்டர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். போர்டு முன்னாடி நின்னு பெரியப்பா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சார். இந்தியர்களுக்கு 40 ரூபா, ஆன்லைன்ல எடுத்தா 35. "அஞ்சு ரூவா லாபம்டா, போன எடு" அப்படின்னு ஒரே குஷி. சீனியர் சிட்டிசன் வரிய ரெண்டு தடவ தேடிப் பாத்தார், காணோம். "ரயில்ல இருந்ததையும் 2020ல எடுத்துட்டான், இங்கயாவது வெச்சிருக்கலாம்ல" ன்னு ஒரு பெருமூச்சு. அடுத்த வரி வெளிநாட்டவர். 600, ஆன்லைன்ல 550.

அக்கா இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான். அத்தானும் பொண்ணும் அமெரிக்கன் சிட்டிசன். ரெண்டு பேருக்கு 1100. பெரியப்பா மூஞ்சி அப்படியே கரண்ட் போன மாதிரி ஆயிடுச்சு. இதுல நான் வேற வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, சார்க் நாட்டுக்காரங்களுக்கும் இந்தியர் ரேட்தான் பெரியப்பா, நேபாளம் இலங்கைல இருந்து வந்தாலும் 35தான்னு ஜிகே சொல்லிட்டேன். "கொழும்புலேர்ந்து வந்தா 35, பாளையங்கோட்டைல பொறந்த என் மாப்ளைக்கு 550ஆ? எந்த ஊர் நியாயம்டா இது?"

அப்புறம் குரல இறக்கி, "மாப்ள, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, எங்க நடுவுல அப்படியே நடந்து வாங்க, யாரு கண்டுபிடிப்பா" ன்னார். அத்தான் ரொம்ப நேர்மை, "வேணாம் மாமா, தப்பு" ன்னுட்டார். அவர் ஒத்துக்கிட்டாலும் நடந்திருக்காதுங்க. அரை டிராயர், தொப்பி, கையில பால் கேன் சைஸுக்கு ஒரு தண்ணி பாட்டில், மூஞ்சி பூரா திட்டுத்திட்டா வெள்ளையா சன்ஸ்க்ரீன். பெரியப்பாவே மேலேர்ந்து கீழ ஒரு தடவ பாத்துட்டு திட்டத்தக் கைவிட்டுட்டார்.

உடனே அடுத்த திட்டம், பேத்தி. 15 வயசுக்குள்ள இருந்தா எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் டிக்கெட் இல்ல. "பாப்பாவுக்குப் பதினாலுதானே" ன்னு சத்தமாச் சொன்னார். இதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான், எங்க அக்கா அஞ்சாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் பஸ்ல மட்டும் நாலு வயசாவே இருந்தவ. ஆனா அமெரிக்காவுல வளந்த பிள்ளைக்கு இந்த ட்ரெயினிங் கிடையாதே, "தாத்தா, எனக்கு சிக்ஸ்டீன், டிரைவிங் லைசென்ஸே வாங்கிட்டேன்" ன்னு க்யூவுல நிக்கிற எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிச்சு.

அப்பதான் அக்கா, "ஏங்க, நம்ம ஓசிஐ கார்டு இருக்குல்ல?" ன்னா. வெளிநாட்டு சிட்டிசன் ஆயிட்ட நம்மூர்க்காரங்களுக்கு நம்ம கவர்மென்ட் குடுக்குற கார்டு அது, அது இருந்தா 35தான். பெரியப்பா காதுல 'ஓசி' மட்டும்தான் விழுந்துச்சு, "அந்த ஓசி கார்ட மொதல்லயே எடுக்கக் கூடாதா?" எடுத்திருக்கலாம், அது எங்க வீட்டு பீரோவுல இருக்கு. நோட்டு வெளிய வந்துச்சு. 1100ல 70 போனா 1030 மிச்சம், ஆட்டோ போக 150 வர 150, அப்பவும் 730 லாபம். "தம்பி, ஒரு எட்டு போயிட்டு வந்துடுப்பா."

போனேன். ஏப்ரல் வெயில், டெல்லி டிராஃபிக், திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் 180க்குக் கீழ எறங்கல. ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா இவங்க யாரையும் காணோம். போன் அடிச்சா பெரியப்பா மட்டும் ஒரு மரத்தடியிலேர்ந்து கை ஆட்டுறார், மத்தவங்க வெயில் தாங்கலன்னு பக்கத்துல ஒரு ஏசி ரூஃப்டாப் கஃபேக்குப் போயாச்சு. மேல போய் பாத்தா கண்ணாடி ஜன்னல் பூரா குதுப்மினார், அவ்ளோ க்ளியரா. கோல்ட் காபி, ஃப்ரைஸ், என்னமோ ஒரு பாஸ்தா, பில் 1860. பெரியம்மா கேட்டாங்க பாருங்க, "அதான் இங்கேருந்தே நல்லாத் தெரியுதே, அப்புறம் டிக்கெட் எதுக்கு?" பில்ல அத்தான் கட்டிட்டார். பெரியப்பா கமுக்கமா, "அது மாப்ள காசு, நம்ம கணக்குல வராது" ன்னுட்டார்.

ஆறு டிக்கெட், 210 ரூபா, ஒரு வழியா உள்ள போனோம். போற வழியில பெரியப்பா, "நீ போயிருந்தப்ப ஒரு செக்யூரிட்டி வந்தான்டா, டிக்கெட் கவுண்டரக் காட்டி, என்னக் காட்டி, கல் ஃப்ரீ, கல் ஃப்ரீன்னு நாலு தடவ சொன்னான். கல்லு ஃப்ரீயாம், அப்ப உள்ள வேற எதுக்கோ தனிக் காசு வாங்குறானுங்க போல" ன்னார். வெயில்ல எனக்கு மண்டை வேலை செய்யல, சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

மினார நிமிர்ந்து பாத்துட்டு அவர் கேட்ட மொத கேள்வி, "மேல ஏற எங்க போணும்?" ஏற முடியாது பெரியப்பா, 379 படி இருக்கு, ஆனா 1981லேர்ந்து மூடிட்டாங்கன்னேன். "ஏறவே விடாம டிக்கெட்டா?" ன்னு ஆரம்பிச்சார். உள்ள லைட் அணைஞ்சு, இருட்டுல நெரிசலாகி 45 பேர் செத்துட்டாங்க, பாதிக்கு மேல ஸ்கூல் பிள்ளைங்கன்னு சொன்னதும் கப்புனு நிறுத்திட்டார். கரண்ட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா, கொஞ்ச நேரம் அந்த வாசலையே பாத்துட்டு நின்னார்.

இரும்புத் தூணச் சுத்தி வேலி, கட்டிப்பிடிக்க முடியலன்னு அக்காவுக்கு வருத்தம். ஓரத்துல புல்தரையில தனியா ஒரு கல் மண்டபம் நிக்கும், நிறைய பேர் கண்டுக்காம போயிடுவாங்க. 1803 பூகம்பத்துல மினார் உச்சி உடைஞ்சுது, அப்புறம் ரிப்பேர் பண்ணின ராபர்ட் ஸ்மித்ங்கிற வெள்ளக்காரர் 1828ல இதக் கொண்டுபோய் உச்சில வெச்சார், பொருந்தவே இல்லன்னு 1848ல கழட்டிக் கீழ வெச்சுட்டாங்க. எனக்கு அங்க ரொம்பப் பிடிச்ச எடமே இதுதான். பெரியப்பா அதத் தட்டிப் பாத்துட்டு, "ஏத்துக்கூலி, எறக்குக்கூலி ரெண்டும் தண்டம். இந்தக் கல்லத்தான் ஃப்ரீன்னு சொல்லிருப்பான் அந்த ஆளு" ன்னார்.

மறுநாள் காலைல காபி குடிச்சுட்டே போனப் பாத்துட்டிருந்தேன். ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய தினம், தொல்லியல் துறை நினைவுச் சின்னம் எல்லாத்துக்கும் இன்னைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காபி புரை ஏறிடுச்சு. கல்! ஹிந்தில கல்லுன்னா நாளைக்கு! பாவம் அந்த செக்யூரிட்டி, நாலு தடவ சொல்லிருக்கார்.

எதிர்ல பெரியப்பா நோட்டுல நேத்துக் கணக்க முடிச்சுட்டு இருந்தார். "ஏன்டா தம்பி, அந்த ஆளு சொன்னானே, கல்லு, ஹிந்தில அதுக்கு வேற ஏதும் அர்த்தம் இருக்கோ?"

ஹிந்தில ஒரு வசதி, நாளைக்கும் கல்தான், நேத்தும் கல்தான்.

"நேத்துன்னு அர்த்தம் பெரியப்பா."

"அடப்பாவி, அப்ப 16ந்தேதி ஃப்ரீயா இருந்திருக்கு! ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்க, ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டுப் போகத் தெரியலையாடா உனக்கு?"