சுவரில் இரண்டு கடிகாரங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் இரண்டு கடிகாரங்கள், பக்கம் பக்கமாக. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. வலது கண்ணை மூடினேன். வலப்பக்கத்துக் கடிகாரம் மறைந்தது. "ஏங்க, வலது கண்ணு மூக்குப் பக்கமாப் போயிருக்கு" என்றாள் மனைவி. அவள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

டாக்டர் ஒரு பேனாவை நீட்டி மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனார். இடது கண் கூடவே போனது. வலது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள், அவற்றுக்கு மூன்று நரம்புகள். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது மூளை நரம்பு. எனக்குச் செயலிழந்தது அதுதான். அப்புறம் டார்ச் அடித்துக் கண் பாப்பாவையும் இமையையும் வெகுநேரம் பார்த்தார். இமை தொங்கி, பாப்பாவும் விரிந்திருந்தால் அது மூன்றாவது நரம்பு. மூளை ரத்தக்குழாய் வீங்கி அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, உடனே ஓட வேண்டும்.

அடிபட்டாலும், கட்டி இருந்தாலும், மூளைக்குள் அழுத்தம் கூடினாலும் ஆறாவது நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. எனக்குப் பதினோரு வருடச் சர்க்கரை, போதாததற்கு ரத்த அழுத்தம். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய் அடைபட்டிருக்கிறது. "பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் தேறிவிடும், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்" என்றார். கண் பயிற்சி செய்தால் சீக்கிரம் சரியாகுமா என்று கேட்டேன். நரம்பு அதன் போக்கில்தான் தேறும் என்றார். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் தேறாதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை.

அதுவரை ஒரு கண்ணுக்கு மறைப்பு. வண்டி ஓட்டக் கூடாது. ஒற்றைக் கண்ணில் மாடிப்படியின் ஆழம் பிடிபடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, காலால் தடவித்தான் இறங்கினேன். பிறகு மூக்குக்கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் கொடுத்தார்கள்; ஒளியை வளைத்து இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கும் தகடு. நேராகப் பார்க்க அது பெரிய ஆறுதல்.

ஞாயிறுதோறும் பிரிசத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலில் அதே இடத்தில் உட்காருவேன். மனைவி சுவரோரம் விரலை நகர்த்துவாள். விரல் அந்தப் பொய்க் கடிகாரத்தைத் தொட்டதும் "நிறுத்து" என்பேன். அங்கே பென்சிலால் ஒரு கோடு. முதல் வாரம் இரண்டு சாண். நான்காம் வாரமும் அதே இரண்டு சாண்; அன்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. ஆறாம் வாரம் ஒன்றரை, எட்டாம் வாரம் நான்கு விரற்கடை. பதினோராம் வாரம் விரல் உண்மைக் கடிகாரத்தின் மேலேயே போய் நின்றது. "இன்னொரு தடவை பாருங்க" என்றாள். பார்த்தேன். ஒன்றுதான்.