நவம்பரில் குழந்தையே பிறக்காத ஊர்

எட்டு மாதமாகத் தேடிய சந்தியாகு போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடியே. கடுப்பு என்னவென்றால், தேட ஆரம்பித்த அன்றைக்கே மனிதர் என் மடிக்கணினிக்குள்தான் இருந்தார். செப்டம்பரில் பிறந்தவரை ஜூலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நாலு பேர். தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு பழைய கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தின், ஞானஸ்நான ஏடுகளைக் கணினி அட்டவணையில் ஏற்றி, வம்சம் தேடி எழுதுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. எழுதுகிறவர்கள் மலேசியா, மொரிஷியஸ், இலங்கை மலையகம் என்று பல பக்கம். பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது தாத்தா சொன்ன ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு திருநாள். சந்தியாகுவின் பேத்தி அனுப்பியதும் அதுதான்: "தாத்தா மாதா பிறந்தநாளுக்கு மறுநாள் பிறந்தவங்க. ரங்கூன்ல கல்யாணம். அவங்க அப்பா பேரு தேவசகாயம்." மாதா பிறப்புத் திருநாள் செப்டம்பர் 8. அப்படியானால் 9. வருஷம் 1880க்கும் 1890க்கும் நடுவில். இவ்வளவு துல்லியமாக யாரும் கேட்டதில்லை, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

லத்தீன் ஏட்டில் சந்தியாகு என்று இருக்காது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சூசை அங்கே யோசேபுஸ், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். சந்தியாகு, யாகப்பன் இரண்டு பேரும் யாக்கோபுஸ் என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுவார்கள். தேவசகாயம் லாசருஸ். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 2022இல் புனிதர் பட்டம் பெற்றாரே, அவருக்கும் லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித்தான் தேவசகாயம் என்று வைத்தார்கள். ஆக, லாசருஸ் மகன் யாக்கோபுஸ், செப்டம்பர் 9. தேடினேன். இல்லை. பத்து வருஷத்திலும் இல்லை.

முதல் சந்தேகம் வேற்றுமை உருபின் மேல். ஏட்டில் வாக்கியம் "இன்னாரின் மகனான இன்னாரை ஞானஸ்நானம் செய்தேன்" என்று போகும். அதனால் குழந்தை யாக்கோபும், அப்பா லாசாரி, அம்மா மதலேனே என்று உருபோடுதான் நிற்பார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு நூறு பக்கத்துக்கு யாக்கோபும், பேத்ரும், பவுலும் என்று பார்த்தபடியே ஏற்றியிருந்தான். நான் அதைத் தமிழ் உம் என்று நினைத்து, "இது என்னப்பா, எல்லாருமே ரெட்டைப் பிள்ளையா, இன்னொருத்தன் எங்கே?" என்று கேட்டேன். சிரித்து முடித்ததும் அட்டவணையில் மூன்று பத்திகள் போட்டோம்: ஏட்டில் உள்ளபடி, உருபு நீக்கிய லத்தீன் பெயர், தமிழ் வழக்கு. இப்போது சந்தியாகு என்று தேடினாலும் யாகப்பன் என்று தேடினாலும் எல்லா யாக்கோபுஸும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகும் செப்டம்பர் 9 காலி.

இனி அசிங்கமான பகுதி. பங்குத்தந்தை திருவிழா மலருக்காக ஒரு படம் கேட்டார், அந்தக் காலத்தில் எந்த மாதத்தில் எத்தனை ஞானஸ்நானம் என்று. அட்டவணையைத் தட்டினால் கணினியே வரைந்து கொடுத்துவிட்டது. ஜூலையும் ஆகஸ்டும் பனைமரம் மாதிரி நிற்கின்றன. நவம்பர், டிசம்பர் தரையோடு தரை. ஏழு வருஷத்துக்கு நவம்பரில் ஒரு ஞானஸ்நானம் இல்லை, டிசம்பரிலும் இல்லை. மழைக்காலம், கிளைக்கிராமத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடிந்திருக்காது என்று நானே ஒரு விளக்கமும் தயார் செய்துவிட்டேன். நல்லவேளை, அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்களுக்கு லத்தீன் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற சாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, கிறிஸ்துமஸ் மாசத்துல ஒரு பிள்ளைகூடவா ஞானஸ்நானம் வாங்கலை? பக்கத்தைக் காட்டும்."

காட்டினேன்.

"இது என்ன?"

"ஏழு, சாமி. ஏழாம் மாசம்."

"ஏழுக்குப் பின்னால வால் ஒண்ணு தொங்குதே, அது எதுக்குத் தொங்குது?"

அந்த வால் 'பிரிஸ்'. 7பிரிஸ். செப்தெம்பிரிஸ் என்று முழுசாக எழுதச் சோம்பல்பட்டு, செப்தெம் என்றால் ஏழு என்பதால் எண்ணைப் போட்டு வாலை ஒட்டியிருக்கிறார். ரோமர்களின் பழைய வருஷம் மார்ச்சில் தொடங்கியது. அந்தக் கணக்கில் ஏழாவது செப்டம்பர், எட்டாவது அக்டோபர், ஒன்பதாவது நவம்பர், பத்தாவது டிசம்பர். வருஷத் தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்த பிறகும் பெயர்கள் நகரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியிலும் இப்படிச் சுருக்கி எழுதியவர்கள்தான், இந்த ஏட்டை எழுதியவரும் மதுரை மிஷனின் பிரெஞ்சு யேசுசபைச் சாமியார். நான் 7ஐ ஜூலை என்றும், 8ஐ ஆகஸ்ட் என்றும், 9ஐ செப்டம்பர் என்றும், ரோமன் பத்தை அக்டோபர் என்றும் ஏற்றியிருந்தேன். அசல் ஜூலையையும் ஆகஸ்டையும் அவர் எண்ணில்லாமல் எழுத்திலேயே எழுதியிருந்ததால் அவையும் அங்கேயே சேர்ந்து பனைமரம் வளர்ந்துவிட்டது.

ஏடு வரிசையாகத்தானே இருக்கும், ஆகஸ்டுக்கு அடுத்து ஜூலை வந்தால் தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். ஏட்டை வரிசையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் படம் எடுத்து நாலு பேருக்கும் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். சேர்த்ததும் அட்டவணை தேதிப்படி அடுக்கிவிட்டது. தப்பு எல்லாம் வரிசையில் நின்று ஒழுங்காகத் தெரிந்தது.

திருத்துவதுதான் பெரும்பாடு. 7 வருகிற இடத்தை எல்லாம் செப்டம்பர் ஆக்கு என்று ஒரே கட்டளையில் முடித்துவிடலாம் என்று பார்த்தால், 1887க்குப் பிறகு வந்த சாமியார் தேதியை எண்ணிலேயே போடுகிறவர். அவருடைய 7 நிஜமாகவே ஜூலை. ஆகவே கையெழுத்து பார்த்துத்தான் திருத்த வேண்டும். இரண்டு மூன்று வழிகள் முயன்று, கடைசியில் கைகொடுத்தது வரிசை எண். ஒவ்வொரு வருஷமும் ஞானஸ்நானங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். அட்டவணையைத் தேதிப்படி அடுக்காமல் வருஷம், வரிசை எண் என்று அடுக்கினேன். அப்படி அடுக்கினால் மாதம் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்கே இறங்குகிறதோ அங்கே தவறு. இறங்கும் இடத்தைச் சிவப்பாக்க ஒரு சூத்திரம் எழுதினேன். திறந்ததும் திரை அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பெயருக்கு முன்னால் வரிசை எண்ணையும் பக்க எண்ணையும் ஏற்றிவிடுங்கள். நாங்கள் "அது எதற்கு, இடத்தை அடைக்கும்" என்று முதலில் விட்டிருந்தோம். மறுபடி எல்லாப் படத்தையும் திறந்து எண்ணை மட்டும் ஏற்றுவதற்கே ஐந்து வாரம் போயிற்று.

அப்படித் திருத்திக்கொண்டு வந்தபோதுதான் 1884, எண் 97. லாசாரி, மதலேனே தம்பதியின் மகன் யாக்கோபும். தேதி 12, 7பிரிஸ். பன்னிரண்டா? ஒன்பது இல்லையே என்று ஒரு நிமிஷம் சப்பென்று போனது. பிறகு அடுத்த வரி: "மூன்று நாளுக்கு முன் பிறந்த". பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. எங்கள் அட்டவணையில் ஞானஸ்நான தேதிக்கு மட்டும்தான் பத்தி இருந்தது. 'நேற்றுப் பிறந்த', 'எட்டு நாளுக்கு முன் பிறந்த' என்று ஏடு சொன்னதை எல்லாம் வேண்டாத சங்கதி என்று விட்டிருந்தோம். மாதத்தைச் சரியாக ஏற்றியிருந்தாலும் 9 என்று தேடி இவரைப் பிடித்திருக்க முடியாது. இப்போது பிறந்த தேதிக்கும் பத்தி உண்டு.

ஒரே ஊரில் லாசருஸ் மகன் யாக்கோபுஸ் இரண்டு பேர் இருக்கலாம், அதனால் ஓரத்தைப் பார்க்காமல் யாருக்கும் எழுதுவதில்லை. 1908 ஈஸ்டரிலிருந்து ஒரு சட்டம் உண்டு. எங்கே கல்யாணம் நடந்தாலும் அதை ஞானஸ்நானம் நடந்த பங்குக்குத் தெரிவித்து, அந்த ஏட்டிலேயே குறிக்க வேண்டும். 97க்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், வேறு கையெழுத்தில், ஊதா மசியில் இரண்டரை வரி. மேல் பாதியை ராமபாணம் தின்றுவிட்டது. மிச்சத்தில் 'ரங்கூன்', '1911', 'அன்னா' மூன்றும் தெளிவாக நிற்கின்றன. பாட்டி பெயர் அன்னம்மாள் என்று பேத்தி முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மசி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழுப்பாகிப் போன இரும்பு மசியைக் கைப்பேசியில் படம் எடுத்து, நிறங்களைப் பிரித்து, நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் எழுத்து எழும்பி வருகிறது. ஊதா மசிக்கு இது உதவவில்லை, பச்சைதான் உதவியது. கிழிசலுக்கு எவரோ புண்ணியவான் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி, எழுத்தையும் தின்று வைத்திருக்கிறது. தயவுசெய்து யாரும் ஒட்டாதீர்கள். வெள்ளைக் கையுறையையும் விட்டுவிட்டோம். விரலுக்குத் தாள் தெரியாமல் ஓரம் கிழிகிறது. கையை நன்றாகக் கழுவித் துடைத்தாலே போதும். ஏட்டை முழுசாக விரிக்காமல் இருபுறமும் தாங்க மணல் மூட்டை தைத்துத் தருகிறேன் என்று தையற்கடை அக்கா சொல்லி மாதம் மூன்றாகிறது. இப்போதைக்குப் பழைய தலையணைதான்.

"லண்டனில் எல்லாம் இருக்குமே" என்றும் சிலர் எழுதுகிறார்கள். சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள். நம்ம ஊர்ச் சூசைக்கும் சவரிமுத்துவுக்கும் பங்குக்கோயில் அலமாரிதான் கதி. உங்கள் ஊர் பிற்பாடு தனிப் பங்கானது என்றால், அதற்கு முந்தைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள்.

பேத்தியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது ரங்கூனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "தாத்தாவோட அம்மா பேரு இருக்கா?" என்றுதான் கேட்டார். மதலேனம்மாள் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாத பெயராம். ஞானத்தகப்பன் பேத்ருஸ், அதாவது இராயப்பன் என்றதும், "அது அவங்க தாய்மாமாவா இருக்கும்" என்றார். இருக்கலாம். ஞானப்பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஆன்ம உறவு உண்டு, அந்தக் காலத்தில் அது கல்யாணத்துக்குத் தடையாக இருந்ததால்தான் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் அவர்கள் பெயரையும் எழுதச் சொன்னது. நமக்கு அது சொந்தம் பிடிக்க உதவுகிறது. ஆனால் மாமா என்று ஏடு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதே மாதிரி, 'அப்பா தெரியாது' என்று சில பிள்ளைகளுக்கு எழுதியிருக்கும், சாதியும் எழுதியிருக்கும். இரண்டையும் அட்டவணையில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சொந்த வாரிசு நேரில் கேட்டால், ஏடு என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல்கிறோம்.

திருத்தம் இன்னும் பாதிதான். 1886இலும் 1887இலும் சிவப்பு அப்படியே இருக்கிறது. அதை முடிக்காமல் 1876-78 தாது வருஷப் பஞ்சத்து அடக்க ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டிருப்பது தவறு என்று தெரியும், ஆனால் எடுத்து வைத்துவிட்டேன். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. கத்தியை வைக்காதே என்று சாமி மிரட்டியிருக்கிறார்.

பேத்தியம்மாவுக்கு அடுத்துத் தேவசகாயம், மதலேனம்மாள் கல்யாணம் வேண்டும். இந்தப் பங்கின் கல்யாண ஏட்டில் அது இல்லை. போர்ச்சுக்கல் ஆதரவில் இருந்த கோவா சாமியார்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டு 1838இல் ரோமாபுரி ஆணை வந்ததிலிருந்து, அவர்களுக்கும் மிஷன் சாமியார்களுக்கும் இருந்த வழக்கில் இந்த ஊரும் இரண்டாகப் பிரிந்து, தெற்குத் தெருவில் தனியாக ஒரு கோயில் எழும்பியது. அந்தக் கோயிலின் ஏடு ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி எங்கே என்பது உபதேசியார் அண்ணாச்சிக்குத் தெரியும், சாவி எங்கே என்பது கோயில்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். கோயில்பிள்ளை பேரன் கல்யாணத்துக்குச் சென்னை போயிருக்கிறார், மறுவீடு முடிந்துதான் வருவாராம்.