பூட்டீன் வாரம்: மொன்ட்ரியால்ல தேடித் தேடி சாப்பிட்டது

பிப்ரவரி முதல் வாரம் வந்துட்டா மொன்ட்ரியால்ல ஆபீஸ், மெட்ரோ, வாட்ஸ்அப் குரூப்னு எங்க பாத்தாலும் ஒரே பூட்டீன் பேச்சுதான். லா பூட்டீன் வீக்னு 2013-ல இந்த ஊர்ல ஆரம்பிச்சது, இப்போ கனடாவுல பல ஊர்கள்ல நடக்குது. கலந்துக்குற ஒவ்வொரு ரெஸ்டாரன்ட்டும் அந்த வாரத்துக்குன்னே தனியா ஒரு பூட்டீன் பண்ணுவாங்க, வழக்கமான மெனுவுல இருக்காது, நாம போய் சாப்பிட்டுட்டு பிடிச்சதுக்கு ஆன்லைன்ல ஓட்டு போடலாம். வெளிய மைனஸ் பதினஞ்சு இருபதுன்னு குளிரு, ரோட்டோரமெல்லாம் பனி மலையா குவிஞ்சு கெடக்கும், கடைக்காரங்களுக்கும் வருஷத்துலயே டல்லான மாசம். அப்படி ஒரு நேரத்துல ஜனங்க கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறாங்கன்னா அது இந்த சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

பூட்டீன் தெரியாதவங்களுக்கு: பொரிச்ச உருளைக்கிழங்கு, அது மேல ஃப்ரெஷ் சீஸ் கர்ட் (தயிர் இல்ல, சீஸ் துண்டு), அது மேல கொதிக்க கொதிக்க பிரவுன் கிரேவி, அவ்ளோதான். முதல் தடவை கேக்குறவங்க கிரேவி ஊத்தினா ஃப்ரைஸ் நமுத்துப் போயிடாதான்னு கேப்பாங்க. நமுக்கத்தான் செய்யும், அதுக்காகத்தான் ஊத்துறதே! மேல இருக்கிற துண்டு மொறுமொறுன்னு இருக்கும், நடுவுல பாதி ஊறியிருக்கும், அடியில கெடக்கிறது கிரேவியை முழுசா குடிச்சு கொழகொழன்னு ஆயிருக்கும், ஒரே கிண்ணத்துல மூணு விதம். பரோட்டாவை பிச்சுப் போட்டு சால்னா ஊத்தி ஊறவச்சு சாப்பிடுறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

சீஸ் கர்ட் விஷயம்தான் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது. செடார் சீஸ் பண்ணும்போது பாலைத் திரிய வச்சு மோரை வடிச்சு கட்டியாகுதுல்ல, அதை அச்சுல போட்டு அழுத்தி மாசக்கணக்கா வைக்கிறதுக்கு முன்னாடியே அப்படியே துண்டு துண்டா எடுத்தா அதுதான் கர்ட். அன்னைக்குப் போட்டதுன்னா கடிக்கும்போது பல்லுல பட்டு கீச் கீச்சுனு சத்தம் வரும், நெஜமாவே காதுல கேக்கும். புரதமும் கால்சியமும் பின்னிக்கிட்டு ரப்பர் மாதிரி இறுக்கமா இருக்கிறதால வர்ற சத்தம் அது, நாள் ஆக ஆக அமிலம் ஏறி அந்த பின்னல் தளர்ந்துபோச்சுன்னா சத்தமும் போயிடும். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் போயிடும். அதனாலதான் இங்க டெப்பானர்னு சொல்ற மூலைக்கடைகள்ல ஃப்ரெஷ் கர்ட் பாக்கெட்டை கல்லா பக்கத்துல வெளியவே வச்சு விப்பாங்க, ஜனங்க சிப்ஸ் வாங்குற மாதிரி வாங்கி கார்லயே கொறிச்சுட்டுப் போவாங்க. கர்டுக்கு பதிலா துருவின மொசரெல்லாவைப் போட்டு பூட்டீன்னு குடுத்தா அது வேற ஏதோ ஒரு சாப்பாடு, நல்லாவே இருந்தாலும் சரி, பூட்டீன் இல்ல. இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

இந்த வருஷம் என்கூட சுத்தினது எங்க மேல்வீட்டு அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகள் கடைசியில இங்க வந்தவர். அந்த சமயம் வந்த ஈழத்தமிழர்கள் எத்தனையோ பேர் இந்த ஊர் ரெஸ்டாரன்ட் கிச்சன்கள்ல பாத்திரம் கழுவுறதுல ஆரம்பிச்சு குக் வரைக்கும் வந்தவங்க, இவரும் அப்படித்தான், பல வருஷம் ஒரு காஸ்க்ரூட்ல (ஃப்ரைஸ், ஹாட்டாக், பர்கர் விக்கிற சின்னக் கடைக்கு இங்க அப்படித்தான் பேரு) உருளைக்கிழங்கு பொரிச்சவர். அவர்கூட போனா தட்டு வந்ததும் முதல்ல ஒரு ஃப்ரைஸை எடுத்து ரெண்டா ஒடிச்சுப் பாப்பார். "தம்பி, கிழங்கை முதல் குறைஞ்ச சூட்டில ஒருக்கா பொரிச்சு எடுத்து ஆற விட வேணும், பிறகு ஓடர் வரேக்க நல்ல சூட்டில திரும்பப் போட வேணும். ஒரு தரத்தில பொரிச்சா சாஸ் ஊத்தின உடன கூழாப் போயிடும்"னு சொல்லிட்டுதான் சாப்பிடவே ஆரம்பிப்பார். அவர் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு கடையிலயும் பாத்தேன், மேல என்னதான் அலங்காரம் பண்ணியிருந்தாலும் அடியில இருக்கிற கிழங்கு ஒழுங்கா இல்லன்னா ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சு போகுது.

எனக்கு இந்த தடவை ரொம்பப் பிடிச்சது ஊரோட வடக்குப் பக்கம் ஒரு ஹைத்தி ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்ட க்ரியோ பூட்டீன். மொன்ட்ரியால்ல ஹைத்திக்காரங்க அதிகம், ஊரோட ருசியிலயே அவங்க கை பெரிய கை. க்ரியோன்னா பன்னித் தோள்பட்டைக் கறியை புளிப்பு ஆரஞ்சு சாறு, பூண்டு, தைம், மிளகா எல்லாம் போட்டு ஊறவச்சு, வேகவச்சு, கடைசியா எண்ணெய்ல பொரிச்சு எடுக்கிறது, வெளிய கரகரன்னும் உள்ள பஞ்சாவும் இருக்கும். இவங்க பண்ண நல்ல வேலை என்னன்னா கறி வெந்த தண்ணியைக் கீழ ஊத்தாம அதையே கிரேவியில சேர்த்திருந்தாங்க, அதனால கிரேவிக்கே அந்த ஆரஞ்சு புளிப்பும் தைம் வாசனையும் ஏறியிருந்துச்சு. மேல பிக்லீஸ். கோஸ், கேரட்டை பொடிசா நறுக்கி ஸ்காட்ச் பானட் மிளகாயோட வினிகர்ல ஊறப்போட்டது, நம்ம நாக்குக்கே சுள்ளுன்னு ஏறுற காரம். சீஸும் கிரேவியும் கிழங்கும் சேர்ந்தா நாலு வாய்க்கு மேல ஒரு திகட்டல் வரும்ல, அந்த இடத்துல பிக்லீஸ் ஒரு வாய் வச்சா நாக்கு திரும்ப புதுசாயிடுது, மறுபடியும் முதல்ல இருந்து சாப்பிடலாம். அண்ணா பேசவே இல்ல, கிண்ணத்தை வழிச்சுட்டுதான் நிமிர்ந்தார். என் ஓட்டு இதுக்குத்தான்.

அடுத்தது ஒரு வியட்நாம் கடை. ஃபோ சூப்புக்கு காய்ச்சுற மாட்டெலும்பு ரசத்தையே சுண்டக் காய்ச்சி கார்ன்ஃப்ளார் கரைச்சு விட்டு கிரேவி ஆக்கியிருந்தாங்க. அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சி வாசனை மேல வந்ததும் ஒரு நிமிஷம் நம்ம பிரியாணி ஞாபகமே வந்துடுச்சு. மாட்டுக்கறியை மெல்லிசா சீவிப் போட்டு, துளசி மாதிரி இருக்கிற தாய் பேசில் இலை, கொஞ்சம் எலுமிச்சை. இதுல ஒரே குறை, ஃபோவுக்குப் போடுற மாதிரி இதுலயும் பச்சை முளைப்பயிறு மேல குவிச்சிருந்தாங்க, சூட்டுல அது தண்ணி விட்டு கிரேவியை நீர்க்க வச்சுடுச்சு. அது மட்டும் இல்லன்னா முதல் இடத்துக்கு ஹைத்தி பூட்டீனோட நல்லா மல்லுக்கட்டியிருக்கும்.

பட்டர் சிக்கன் பூட்டீன் பத்தி சொல்லணும், ஏன்னா ஊர்ல இருந்து ஃபோன் பண்றவங்க எல்லாரும் கேக்குறது இதைத்தான். பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் நம்ம ஊர், பஞ்சாப், பங்களாதேஷ், இலங்கை ஜனங்க எல்லாரும் இருக்கிற ஏரியா, அங்கயும் மத்த இடங்கள்லயும் இது வருஷம் பூரா கிடைக்கும். எனக்கு இதுல ஒரு நெருடல் உண்டு. பிரவுன் கிரேவியை எடுத்துட்டு அந்த இடத்துல பட்டர் சிக்கன் குழம்பை ஊத்தினா வெண்ணெய், கிரீம், சீஸ் மூணும் ஒரே பக்கம் சாயுது, இனிப்பு வேற, புளிப்போ காரமோ எதிர்ல நிக்கிறதுக்கு எதுவுமே இல்ல. இந்த வாரத்துல ஒரு கடையில தந்தூரி சிக்கனை டிரையா பிச்சுப் போட்டு, கிரேவியை பூட்டீன் கிரேவியாவே விட்டு, மேல புதினா சட்னியும் பச்சை வெங்காயமும் வச்சாங்க, அது எவ்ளோ தேவலை! மேல போடுறதுல எவ்ளோ வேணா விளையாடலாம், கிரேவியை மாத்தும்போது மட்டும் ரொம்ப யோசிச்சு மாத்தணும்.

போட்டோவுக்காகவே பண்ற ரகமும் இருக்கு. கிண்ணத்துல ஒரு கோபுரம், அதுல பேக்கன், வெங்காய ரிங், ரிப்ஸ், ரெண்டு வகை சாஸ், உச்சியில ஒரு குட்டி பர்கர் குத்தி வச்சிருந்துச்சு. எல்லாரும் போன் எடுத்து படம் பிடிக்கிறதுக்குள்ள கிரேவி ஆறிப்போய் மேல ஆடை கட்டிடுச்சு, கர்ட் இளகவே இல்ல. கிரேவி ஊத்தும்போது இருக்கிற சூடுதான் பூட்டீனுக்கு உயிர், கர்ட் வெளிப்பக்கம் லேசா இளகி உள்ள கெட்டியாவே இருக்கணும், அந்த நிலை அஞ்சு நிமிஷம் நின்னா பெரிசு. அதனால தட்டு வந்ததும் சாப்பிட்டுடுங்க. சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ்ல ஒண்ணு, சாக்லேட் ஊத்தின இனிப்பு பூட்டீன் ஒண்ணு, ரெண்டும் சாப்பிட்டேன், ரெண்டையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தப் புது வகைகளுக்கெல்லாம் வழி திறந்து விட்டது ஓ பியே து கோஷோங்னு ஒரு மொன்ட்ரியால் ரெஸ்டாரன்ட்னு நான் நினைக்கிறேன். மார்டன் பிகார்ங்கிற செஃப் 2001-ல திறந்தது. வாத்து ஈரல், முட்டை மஞ்சக்கரு, கிரீம் எல்லாம் சேர்த்த சாஸ் ஊத்தி மேல வாட்டின ஃபுவா க்ராவே (கொழுக்க வச்ச வாத்தோட ஈரல்) வச்சு பூட்டீன் குடுத்தார். அதுவரைக்கும் பூட்டீன்னா ராத்திரி குடிச்சுட்டு வர்றவன் சாப்பிடுறது, கிராமத்தான் சாப்பாடுன்னு ஒரு ஏளனம் இருந்துச்சு, கியூபெக்காரங்களே (மொன்ட்ரியால் இருக்கிற, பிரெஞ்சு பேசுற மாகாணம்தான் கியூபெக்) சில பேர் வெளி ஆளுங்க முன்னாடி சொல்லக் கூச்சப்பட்டாங்க. பெரிய செஃப் ஒருத்தர் தன்னோட ரெஸ்டாரன்ட் மெனுவுல அதைத் தூக்கி வச்சதும் பேச்சே மாறிப்போச்சு.

பூட்டீன் பொறந்த இடம் மொன்ட்ரியால் கூட இல்ல, இங்கருந்து வடகிழக்கா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், பால் பண்ணைகளும் சீஸ் கூடங்களும் நிறைஞ்ச பகுதி. ஃப்ரெஷ் கர்ட் அங்கதான் கிடைச்சுது, சத்தம் போறதுக்குள்ள சாப்பிடணும்னா பக்கத்துலயே சாப்பிடணும், அதான் அங்க பொறந்திருக்கு. வார்விக்ங்கிற ஊர்ல 1957-ல ஃபெர்னான் லஷான்ஸ்னு ஒருத்தர் கடையில, வாடிக்கையாளர் ஒருத்தர் ஃப்ரைஸையும் கர்டையும் ஒரே பையில போட்டுத் தாங்கன்னு கேட்டதுல ஆரம்பிச்சதுன்னு ஒரு தரப்பு சொல்லுது. கிரேவி பின்னாடிதான் வந்துச்சாம். ட்ரம்மன்வில் ஊர்ல ல ருவா ஜ்யூசெப் கடை வச்சிருந்த ஜான் போல் ருவா 1964-ல மூணையும் சேர்த்து மெனுவுலயே போட்டுட்டார், அதனால நாங்கதான் முதல்னு அவங்க சொல்றாங்க. ரெண்டு ஊரும் இன்னும் விட்டுக் குடுக்கல. கிரேவி இல்லாம பூட்டீன் இல்லன்னு நினைக்கிறதால நான் ட்ரம்மன்வில் பக்கம்.

இன்னொரு சண்டையும் உண்டு, இது கொஞ்சம் ஆழமானது. பூட்டீனை கனடாவோட தேசிய உணவுன்னு எல்லாரும் சொல்றாங்கள்ல, 2017-ல நிக்கோலா ஃபாபியன் ஊலெட்ங்கிற ஆராய்ச்சி மாணவர் ஒரு கட்டுரை எழுதினார்: கியூபெக் மக்களை மட்டம் தட்டுறதுக்கு இதே பூட்டீனை பயன்படுத்தினாங்க, இப்போ அது பிரபலமானதும் கனடா உணவுன்னு சொல்லி கியூபெக் பேரை அழிக்கிறாங்கன்னு. என்கூட வேலை பாக்குற கியூபெக் நண்பர்கள் கிட்ட கேட்டா பாதிப் பேர் அதுல என்ன இருக்குன்னு விட்டுடுவாங்க, பாதிப் பேர் முகம் சிவந்துடும். எனக்கு அந்தக் கட்டுரைக்காரர் சொல்றது நியாயம்னுதான் படுது. பழைய சோறு ஏழைங்க சாப்பாடுன்னு ஒதுக்கின ஆளுங்களே இன்னைக்கு அதை மண்சட்டியில வச்சு ஸ்டார் ஹோட்டல்ல விலை போட்டு விக்கிறதைப் பாத்தவங்களுக்கு அந்தக் கோவம் எங்கருந்து வருதுன்னு நல்லாவே புரியும். எவ்ளோ வேணா மாத்தி சமைக்கட்டும், நானும் தேடித் தேடிப் போய் சாப்பிடுறேன், ஆனா இது கியூபெக் சாப்பாடுன்னு சொல்லிட்டு சமைக்கணும்.

சைவம் சாப்பிடுறவங்க கவனிங்க: சாதாரண பூட்டீன் கிரேவி கோழி, மாட்டெலும்பு ரசத்துல பண்றது, மேல கறி இல்லைங்கிறதால சைவம்னு நினைச்சு வாங்கிடாதீங்க. சாஸ் வெஜேன்னு கேட்டீங்கன்னா நிறைய கடையில காளான்லயோ காய்கறிலயோ பண்ணது தனியா வச்சிருப்பாங்க, இந்த வாரத்துலயும் சைவ வகைகள் வருது. சீஸ்ல ரென்னெட் (பாலைத் திரிய வைக்கச் சேர்க்கிறது, கன்னுக்குட்டி வயித்துல இருந்தும் எடுப்பாங்க) பாக்குறவங்க அதையும் கேட்டுக்கோங்க, கடைக்குக் கடை மாறும்.

புதுசா ஊருக்கு வர்றவங்க நேரா இந்த விழா பூட்டீன்ல இறங்காதீங்க. முதல்ல ராஷெல் தெருவுல லா பான்கீஸ் போங்க, 1968-ல இருந்து இருக்கிற கடை, முப்பது வகை கிட்ட பூட்டீன் வச்சிருக்காங்க, நீங்க அதுல ஒண்ணும் பாக்காம க்ளாசிக் மட்டும் கேளுங்க. அந்த ருசி நாக்குல பதிஞ்சாத்தான் மத்தவங்க என்னத்தை மாத்தியிருக்காங்கன்னு தெரியும். அதுக்கு எதிர்லயே மா பூல் மூயேன்னு ஒரு போர்ச்சுகீஸ் கோழிக்கடை, கரியில சுட்ட கோழி, சோரிசோ (மசாலா போட்ட பன்னி சாசேஜ்), கர்டுக்கு பதிலா சாவ் ஜார்ஜ்ங்கிற போர்ச்சுகீஸ் சீஸ் போட்டு ஒரு பூட்டீன் தர்றாங்க, வருஷம் பூரா கிடைக்கும், கர்ட் விஷயத்துல நான் இவ்ளோ பேசினதுக்கு அப்புறமும் அந்த சீஸை மட்டும் மன்னிச்சு விடுவேன், அந்தப் புகை வாசனைக்கு அதுதான் சரி. க்ரியோ பூட்டீனை அந்த ஹைத்தி கடைக்காரம்மா விழா முடிஞ்சும் மெனுவுல வைக்கலாமான்னு யோசிக்கிறேன்னு சொன்னாங்க. வச்சுட்டாங்கன்னா கடைப் பேரோட இங்க எழுதுறேன்.