கௌரியம்மாவும் பத்து சென்ட் நிலமும்

கம்யூனிஸ்ட் தலைவர் கே.ஆர். கௌரியம்மா என்றதும் கேரளத்தில் எல்லாரும் 1987-க்குப் போய்விடுகிறார்கள்: முதல்வர் ஆவார் என்று நாடே எதிர்பார்த்தது, நாற்காலி அதே கட்சியின் ஈ.கே. நாயனாருக்குப் போனது. அந்தக் கதையை விட்டுவிட்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் பிரிவுகளைப் புரட்டினால் அவரை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். சலிப்பான வாசிப்புதான்.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. வருவாய்த் துறை கௌரியம்மாவிடம் வந்தது. சேர்த்தலை வட்டாரத்துக்காரர், வக்கீல், திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் ஏற்கெனவே இருந்தவர். ஏப்ரல் 11 அன்றே, குத்தகைதாரர்களையும் குடிசைவாசிகளையும் வெளியேற்றக்கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. இதில் ஒரு வக்கீலின் புத்தி இருக்கிறது. ஒருவர் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு வரப்போகிறது என்று மோப்பம் பிடித்தாலே ஜன்மிகள், அதாவது நிலக்கிழார்கள், ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள். பிறகு சட்டம் வந்து என்ன பயன்? உரிமை கோர நிலத்தில் ஆளே இருக்காது.

குத்தகைதாரர் உரிமையையும் உச்சவரம்பையும் பற்றிய விவசாய உறவு மசோதா 1959 ஜூன் 10 அன்று அவையில் நிறைவேறியது. ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்ப, அடுத்த சட்டமன்றம் திருத்தி நிறைவேற்றியது. அதுவும் முழுதாக நிற்கவில்லை. காசர்கோடு, ஹோஸ்துர்க் வட்டங்கள் 1956 வரை சென்னை மாகாணத்துத் தென் கன்னடத்தில் இருந்தவை. அங்கே ரயத்துவாரி முறை, அதாவது நிலம் வைத்திருப்பவர் இடைத்தரகர் இல்லாமல் நேரே அரசுக்கு வரி கட்டும் முறை. நிலச் சட்டங்களுக்கு அரசியல் சாசனத்தின் 31-ஏ தந்த பாதுகாப்பு 'எஸ்டேட்' என்ற சொல்லைச் சார்ந்தது; இங்கே அது தோட்டமல்ல, ஒரு வகை நில உரிமைக்கான சட்டச் சொல். ரயத்துவாரி நிலம் அந்தச் சொல்லுக்குள் வராது என்று 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சொல்லின் இலக்கணத்தில் அந்த நிலங்களுக்குச் சட்டம் சரிந்தது. 1964-ல் 17-வது திருத்தம் வந்துதான் அந்த ஓட்டை அடைபட்டது.

1967-ல் இ.எம்.எஸ். மறுபடி முதல்வரானபோது கௌரியம்மாவுக்கு மீண்டும் வருவாய்த் துறை. நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969 திருத்தத்தில்தான் உண்மையான கூர்மை தெரிகிறது. நிலம் வேண்டுமென்றால் குத்தகைதாரர் மனுப்போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால், முதலாளிக்குப் பயந்தவர் மனுவே போடமாட்டார். ஆகவே 1970 ஜனவரி 1 முதல் ஜன்மியின் உரிமை தானாகவே அரசிடம் சேரும், அங்கிருந்து பயிரிடுபவருக்குப் போகும் என்று அமைத்தார்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு, அதாவது குடிகிடப்புக்காரர்களுக்கு, பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5, பெருநகரில் 3 சென்ட் வாங்கும் உரிமை கிடைத்தது. இரண்டு முதல் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் வகையைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்). மசோதா நிறைவேறிய அதே அக்டோபரில் அமைச்சரவை விழுந்தது. நடைமுறைப்படுத்தியது அச்சுத மேனன் ஆட்சி. அரசியல் சாசனத்தின் 'அடிப்படைக் கட்டமைப்பை' நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற தீர்ப்பைப் பின்னாளில் தந்த கேசவானந்த பாரதி வழக்கு, இந்தச் சட்டத்தை எதிர்த்து எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்ததுதான்.

குறையும் இருந்தது. தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து தப்பின. கூலிக்கு உழுத தலித் குடும்பங்கள் குத்தகைதாரர் கணக்கில் வராததால் வயல் கிடைக்கவில்லை, குடிசையடி மட்டும் கிடைத்தது. எனக்கு இதுவே அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

1994-ல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. ஜே.எஸ்.எஸ். (ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி) என்று தனிக்கட்சி தொடங்கினார், 2001-ல் காங்கிரஸ் அணி ஆட்சியில் வேளாண் அமைச்சரும் ஆனார். இடையில் 1996-ல் ஒரு வாக்கெடுப்பு. ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975 சட்டம் இருந்தது. அதை நீர்த்துப்போகச் செய்து, வேறிடத்தில் மாற்று நிலம் தந்தால் போதும் என்று ஒரு திருத்தம் வந்தது. குடியேறிய விவசாயிகளின் ஓட்டு இரு அணிக்கும் வேண்டும். 140 இடங்கள் கொண்ட அவையில் எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவர்தான். அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை.